யால்மர் கோத்திலாவின் பூனைத் தும்மல்கள்

1957ஆம் ஆண்டு, இலையுதிர் காலம் முடியும் தறுவாயில், பெரிய ஏரியின் மேலிருந்து முதல் பனிக்காற்று வீசிய ஒரு பிற்பகலில்தான் சைமா ரந்தா யால்மர் கோத்திலாவை முதன்முதலாகச் சந்தித்தாள். சந்தித்த கணத்திலேயே அவளுக்கு அவரைப் பிடிக்காமற்போயிற்று.

ஹோங்காவின் கூட்டுறவுக் கடையில் தராசுக்குப் பின்னால் பதினாறு ஆண்டுகளாக நின்றவள் அவள். காபிக்கொட்டையோ ஆணியோ உப்பு மீனோ, அவள் நிறுத்துக் கொடுத்ததை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்த்தவர் அந்தச் செம்புச் சுரங்கக் குடியிருப்பில் ஒருவரும் இல்லை. புதிதாக வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கம்பளிக் காற்சட்டையும் தோள்வாரும் அணிந்த ஒல்லியான மனிதர். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. குனிந்து தராசின் முள்ளைப் பார்த்தார்.

“முள்ளு ஆடுது. நிக்கட்டும், அப்புறம் எடுங்க” என்றார்.

“நின்னாச்சு.”

“இன்னும் இல்ல.”

சைமாவும் குனிந்து பார்த்தாள். மயிரிழை அளவுக்கு முள் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் அவளுக்குக் கூடுதலாகச் சினமூட்டியது. காபிப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தபோது அவள் நூலை வேண்டுமென்றே இறுக்கி இழுத்தாள்.

அந்த மனிதர் யார் என்பதை மாலையில் லெம்பி ஹார்யு சொன்னாள். லெம்பி மதுவிலக்குச் சங்க மண்டபத்தின் காவலாளி, சமையற்காரி, செய்தித்தாள், மூன்றும் ஒருவரே. அறுபது வயதாகியும் அவள் நாக்குக்கு வயதாகவில்லை.

“அவன்தான்டி உங்க புதுத் தோட்டாக்காரன். பழைய ஆளு டெட்ராய்ட்டுக்குக் கார் செய்யப் போய்ட்டான்ல? அந்த இடத்துக்கு வந்திருக்கான். உனக்கு யாரும் சொல்லலையா? நீ சுடுகூடப் பொறுப்பாளர்னு பேரு மட்டும் பெருசா இருக்கு!”

சைமாவுக்கு யாரும் சொல்லவில்லை. அதுவே அவளுடைய முதல் சந்தேகமாயிற்று.

மண்டபத்தின் மேல்தளத்தில் பாட்டுக் குழுவும் காபியும் இருந்தன. நிலவறையில் ஐம்பதடி நீளத்தில் சுடுகூடம் இருந்தது. ஆண்டில் ஆறு மாதம் பனி முழங்காலுக்கு மேல் கிடக்கும் ஊரில், வியாழக்கிழமை மாலைகளில் ஆண்களும் நான்கைந்து பெண்களும் அங்கே கூடினார்கள். அவர்களிடம் இருந்தவை பழைய இராணுவத் துப்பாக்கிகள். முழு வலுவுள்ள தோட்டாவை அந்த நிலவறையில் சுட்டால் காது செவிடாகும். குண்டு பின்சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்காரரின் உருளைக்கிழங்கு மூட்டையில் போய் நிற்கும். ஆகவே, அதே பித்தளைக் கூட்டில் ஒரு சிட்டிகை வெடிமருந்தும், உருக்கி வார்த்த மெல்லிய ஈயக்குண்டும் வைத்து, வலுக்குறைந்த தோட்டாக்களைக் கையாலேயே செய்துகொண்டார்கள். சுட்டால் ‘புஸ்’ என்று ஓர் ஒலி மட்டும் எழும். கடல் கடந்து வந்த முன்னோர் பின்லாந்திலிருந்து கொண்டுவந்த பெயரிலேயே அத்தோட்டாக்களைப் பூனைத் தும்மல் என்று அழைத்தார்கள்.

அந்தத் தும்மலைச் செய்பவருடைய கையில்தான் சுடுபவருடைய கண்ணும் கன்னமும் இருந்தன. பெரிய கூட்டுக்குள் கிடக்கும் சிட்டிகை மருந்து வெளியிலிருந்து தெரியாது. ஒரு கரண்டி போட்ட கூட்டில் மறதியாக இன்னொரு கரண்டி போட்டாலும் கூடு நிரம்பி வழியாது. ஒன்றுமே போடாவிட்டாலும் குண்டு அழகாக உட்கார்ந்துகொள்ளும். மூடியபின் நல்லதும் கெட்டதும் ஒரே முகத்தோடு பெட்டியில் வரிசையாக நிற்கும்.

யால்மர் கோத்திலா மண்டபத்தின் பின்னாலிருந்த சிற்றறையில் வேலை செய்தார். கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, அதற்கு மேல் ஒரு சங்கிலியும் மாட்டிக்கொண்டு வேலை செய்தார். தட்டினால் திறக்க மாட்டார். உள்ளே அவர் பின்லாந்து மொழியில் முணுமுணுவென்று எண்ணுவது மட்டும் கேட்கும். முடித்தபின் பெட்டிகளைச் சுடுகூடத்தின் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். தாம் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. வியாழக்கிழமைகளில் கீழே இறங்குவதும் இல்லை.

“தான் செஞ்ச தோட்டாவைத் தானே சுட மாட்டேங்கறான் பாரு” என்றான் ஐனார் மத்திலா. ஹோங்காவில் மிக நன்றாகக் குறிபார்த்துச் சுடுபவன் அவன்; அதை அவனே எல்லாருக்கும் நினைவூட்டுவான். “சமையக்காரன் தன் சூப்பைக் குடிக்கலைன்னா நான் அந்த வீட்டுல சாப்பிடுவேனா?”

“சாப்பிடுவ. நீதான் எதையும் விடமாட்டியே” என்றாள் லெம்பி, காபித் தட்டோடு படியிறங்கிக்கொண்டே. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஒண்ணு சொல்றேன். சனிக்கிழமை ஊரே சேந்து சவுனா நீராவி அறையில உக்காருது. அவன் மட்டும் எல்லாரும் போனப்புறம் தனியாப் போறான். தனியா வேர்க்கறவன்கிட்ட ஏதோ மறைக்கறதுக்கு இருக்குடி.”

டிசம்பரில், கிவிஸ்டோ ஊரிலிருந்து வந்த ரொட்டி வண்டிக்காரர் அந்த மறைவைப் பாதி திறந்துவிட்டார். கிவிஸ்டோவின் சங்கத்திலிருந்து கோத்திலாவை வெளியேற்றிவிட்டார்களாம். அவர் செய்த தோட்டாவால் ஒருவருடைய கண் போயிற்றாம். இதற்கு மேல் வண்டிக்காரருக்குத் தெரியவில்லை. சைமாவுக்கோ, இது போதுமானதாக இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லாமல் இரண்டு காரியங்கள் செய்தாள். படிக்கட்டில் வைக்கப்படும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு வைத்தாள். பிற்பாடு அவர் பெட்டியை மாற்றிவிட்டால் தெரிய வேண்டுமல்லவா? மேலும், ஒரு பெட்டியிலிருந்து இருபது தோட்டாக்களை எடுத்துப் போய், கடையின் மருந்துப் பகுதியில் இருந்த நுண்தராசில், முள் முழுவதும் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாக நிறுத்தாள். இருபதில் இரண்டுகூட ஒரே எடையில் இல்லை.

‘என் தராசு முள்ளைக் குனிந்து பார்த்த மனிதர், தன் கரண்டியைப் பார்ப்பதில்லை போலும்’ என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் வாய் திறக்கவில்லை. ஒரு குற்றத்தைச் சொல்லப் புகுந்தால் அது மறுக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய கொள்கை.

புத்தாண்டு கழிந்த இரண்டாம் வாரத்தில் வேறொன்று நடந்தது. துப்பாக்கியை எடுத்ததும் அதன் குழல்முனையைக் கூரையை நோக்கி உயர்த்தி, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு மெல்ல இலக்குக்கு இறக்கிச் சுடுவது ஹோங்காக்காரர்களின் வழக்கம். உணவுக்கு முன் தலைகுனிவதைப் போல, அதை எல்லாரும் செய்தார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்கு ஐனார் குழலை உயர்த்தி இறக்குவதற்குள் அவன் விரல் அவசரப்பட்டுவிட்டது. குண்டு கூரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு மேல்தளத்துக்குச் சென்று, பாட்டுக் குழுவினர் காபி குடித்துக்கொண்டிருந்த மேசையின் அடியில் தைத்தது.

மேலிருந்து லெம்பியின் குரல் ஓட்டை வழியாகவே இறங்கி வந்தது. “ஐனார்! உனக்குக் காபி வேணும்னா வாயால கேளுடா!”

எல்லாரும் சிரித்தார்கள். சைமா சிரிக்கவில்லை. மறுநாளே அவள் ஒரு விதியைத் தட்டச்சு செய்து சுடுகூடத்துச் சுவரில் ஒட்டினாள்: குழல்முனை எக்காரணம் கொண்டும் இலக்குச் சட்டத்தின் மேல்விளிம்புக்கு மேல் உயரக் கூடாது. அத்துடன் நிற்கவில்லை. சுடுபவரின் முன்னால் துப்பாக்கியைச் சாய்த்து வைக்க ஒரு மரத்தாங்கி செய்வித்தாள். அதில் வைத்தால் குழல்முனை தரையை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவிலிருந்து நேராக இலக்கு வரை உயர்த்தி, உடனே சுட வேண்டும். விதியின் நகல்களை உறுப்பினர் அனைவருக்கும் கொடுத்தாள். கோத்திலாவுக்குக் கொடுக்கவில்லை. அவர் சுடுவதில்லையே, அவரிடம் பேசுவதற்குக் காரணம் குறைந்ததில் அவளுக்கு நிம்மதியும்கூட.

பிப்ரவரி பிறந்தபோது இலக்கு அட்டைகள் விசித்திரமாக மாறின. நடுக்கறுப்பில் விழ வேண்டிய துளைகள் கீழே சரிந்தன. ஒரே பெட்டித் தோட்டாக்களில் ஒன்று மையத்தைத் தொட்டது. அடுத்தது அட்டையின் அடிவிளிம்பில் தொங்கியது. ஒலிகூட ஒரே மாதிரி இல்லை.

“பூனைக்குச் சளி பிடிச்சிருக்கு” என்றான் ஐனார். “இது தும்மலா? கொட்டாவி!”

“குறி தப்பினா பூனை மேல பழி போடற ஆளு” என்றாள் லெம்பி.

“லெம்பி, நான் முப்பது வருஷமாச் சுடறேன். இந்த ஆளு வந்து மூணு மாசம். யாரு மாறினது?”

அந்தக் கேள்விக்குச் சைமாவிடம் விடை தயாராக இருந்தது. இருபது தோட்டாக்களின் எடைகளை எழுதிய தாள் அவளுடைய மேலங்கியின் உட்பையில் இருந்தது.

மாதத்தின் மூன்றாம் வியாழனன்று ஐனாரின் துப்பாக்கி ‘ப்ப்’ என்று ஒரு மெலிந்த ஒலி எழுப்பிற்று. அட்டையில் துளை விழவில்லை. குறி தப்பிவிட்டது என்று நினைத்த ஐனார், சைமா ‘நிறுத்து’ என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டுவிட்டான். முதல் குண்டு குழலை விட்டு வெளியேறவே இல்லை. பாதி வழியில் சிக்கிக் கிடந்தது. இரண்டாவது குண்டு அதன் முதுகில் போய் மோதியது. நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை. ஆனால் குழலின் நடுவில், விழுங்கிய தவளை பாம்பின் வயிற்றில் தெரிவதுபோல், ஒரு வளைய வீக்கம் எழுந்துவிட்டது.

அது ஐனாரின் அப்பா வைத்திருந்த துப்பாக்கி. அவன் வீக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு, “ஞாயித்துக்கிழமை கூட்டத்தைக் கூட்டு, சைமா. அந்த ஆளு இந்த ஊர்லயே இருக்கக் கூடாது” என்றான்.

இரண்டாவது முறையாக ஒரு சங்கத்திலிருந்து விரட்டப்பட்டவருக்கு அந்தக் கரையோரத்தில் எந்த ஊரும் கதவு திறக்காது. அது சைமாவுக்குத் தெரியும். தெரிந்துதான் அவள் சனிக்கிழமை நண்பகலில், லெம்பியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, மண்டபத்தின் மாற்றுச் சாவியுடன் பின்னறைக்குப் போனாள். உள்ளே சங்கிலி மாட்டியிருக்கவில்லை. அவர் இல்லை.

“பாட்டில் இருக்குதா பாரு” என்று கிசுகிசுத்தாள் லெம்பி. “மதுவிலக்கு மண்டபத்துலயே குடிச்சான்னா, அடேயப்பா, அடுத்த பத்து வருஷத்துக்கு எனக்குப் பேச்சு இருக்கு.”

பாட்டில் இல்லை. ஈயம் உருக்கும் சட்டி, பித்தளைத் தராசு, காம்பு வெட்டிய சின்னக் கரண்டி, ஐம்பது குழிகள் தோண்டிய மரக்கட்டை ஒன்று, மேலே தொங்கும் விளக்கு, ஒரே ஒரு நாற்காலி. இவற்றைத் தவிர அந்த அறையில் எதுவும் இல்லை. ஒரு படம்கூட இல்லை. ஒன்றுமில்லாத அந்தத் தூய்மையே சைமாவுக்கு ஐயத்தைக் கூட்டிற்று. எதிர்பார்த்து ஒழுங்குபடுத்தி வைத்ததுபோல் இருந்தது.

“தேடறது கெடச்சுதா?”

கோத்திலா வாசலில் நின்றார். சாப்பாட்டுத் தூக்கு கையில் இருந்தது. காலணிகளை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்ததால் வந்த ஒலியே கேட்கவில்லை.

சைமா பின்வாங்கவில்லை. தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். “இருபது தோட்டா. ரெண்டு ஒண்ணா இல்ல. இதுக்கு என்ன சொல்றீங்க?”

அவர் தாளை நெடுநேரம் படித்தார். “முள்ளு நின்னப்புறம்தான் எழுதினீங்களா?”

“நின்னப்புறம்தான்.”

“அப்போ எடை சரி. ஆனா நிறுத்தது தப்பு. முழுத் தோட்டாவை நிறுத்திருக்கீங்க. பித்தளைக் கூடே ஒண்ணுக்கு ஒண்ணு வித்தியாசம். ஈயத்துலயும் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் நான் போடற மருந்தைவிடப் பெருசு. காளை மேல உக்காந்த ஈயைக் காளையோட சேத்து நிறுத்தா, ஈ எவ்வளவுன்னு தெரியுமா?”

“நல்லாத்தான் பேசறான்” என்றாள் லெம்பி.

“பேச்சு வேணாம்” என்றாள் சைமா. “ஐனார் சுட்ட பெட்டியில மிச்சம் முப்பத்தெட்டு இருக்கு. என்கிட்டதான் இருக்கு. அடியில என் பென்சில் கோடு இருக்கு, நீங்க மாத்த முடியாது.”

பென்சில் கோடு பற்றிக் கேட்டதும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. கோபம் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அது கோபமாகத் தெரியவில்லை. “கோடு போட்டீங்களா? நல்லது. கொண்டாங்க, பிரிப்போம்.”

மூன்று மணி நேரம் பிரித்தார்கள். அவர் குறடால் ஈயக்குண்டைத் திருகி எடுத்தார், சைமா கூட்டைக் கவிழ்த்து மருந்தை மட்டும் அவருடைய பித்தளைத் தட்டில் கொட்டி நிறுத்தாள், லெம்பி எழுதினாள். முதல் ஐந்தில் வேறுபாடு இல்லை. பத்தில் இல்லை. இருபதாவதின்போது சைமா, தராசிலேயே ஏதோ சூது இருக்கிறதென்று கருதி, தட்டுகளை இடம் மாற்றி நிறுத்தாள். முள் அதே இடத்தில்தான் நின்றது. முப்பத்தெட்டும் ஒரே அளவு.

“அப்போ ஐனார் சுட்டது மட்டும் காலியா இருந்திருக்கும்” என்றாள் சைமா. அவளுடைய குரலில் இப்போது பிடி குறைந்திருந்தது.

“இருக்கலாம். நான் இல்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார் அவர். “ஆனா ஒரு மாசமா எல்லாருக்கும் கீழ விழுதுன்னு சொல்றாங்களே, அது எப்படி? காலியா இருந்தா விழவே விழாது. துப்பாக்கியை எப்படிப் பிடிக்கறாங்க?”

“விதிப்படிதான்.”

“என்ன விதி?”

லெம்பி எழுதுகோலைக் கீழே வைத்தாள். சைமா தன் விதியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். மரத்தாங்கியைப் பற்றியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிறகு அவர் இருமல் மருந்துக் குப்பி ஒன்றைத் துடைத்து, அதில் ஒரு கரண்டி வெடிமருந்தைப் போட்டு மூடிப் படுக்க வைத்தார். நீண்ட குப்பிக்குள் அந்தச் சிட்டிகை எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. குப்பியின் வாயைத் தரைப்பக்கம் சாய்த்தார். மருந்து சரசரவென்று ஓடி வாய்ப்பக்கம் குவிந்தது. அடிப்பக்கத்தில் ஒரு துகளும் இல்லை.

“தீப்பொறி வெக்கற கேப்பு இங்க, அடியில இருக்கு” என்று விரலால் தொட்டுக் காட்டினார். “மருந்து அங்க, அந்த மூலையில இருக்கு. பாதி சரியாப் பத்தாது.” பிறகு குப்பியின் வாயை உயர்த்தினார். மருந்து முழுதும் அடியில் வந்து அமர்ந்தது. அதே நிலையிலிருந்து மெதுவாகப் படுக்கை வசத்துக்கு இறக்கினார். மருந்து அடியை ஒட்டியே கிடந்தது.

சைமா குப்பியை வாங்கிக்கொண்டாள். தானே சாய்த்தாள், தானே உயர்த்தினாள். ஏழெட்டு முறை செய்து பார்த்தாள். அப்போதும் முழுதாக நம்பவில்லை. சுடுகூடத்துக்கு இறங்கிப்போய், புதிய பெட்டி ஒன்றிலிருந்து ஐந்து தோட்டாக்களைத் தன் விதிப்படி, குழலைச் சரித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அட்டையில் துளை விழுந்ததை உறுதி செய்துகொண்டு சுட்டாள். பிறகு புதிய அட்டை ஒன்றில் ஐந்து தோட்டாக்களை, தன் விதியைத் தானே மீறி, கூரைக்கு உயர்த்தி இறக்கிச் சுட்டாள். முதல் ஐந்து துளைகள் தம் அட்டையின் கீழ்ப்பாதியில் சிதறிக் கிடந்தன. அடுத்த ஐந்தையும் ஒரு காபிக் கோப்பையின் வாயால் மூடிவிடலாம்.

“ஏன் சொல்லல?” என்று அவள் கேட்டாள். “இப்படி உயர்த்தித்தான் சுடணும்னு ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே பழைய ஆளைக் கேட்டேன். இங்க எல்லாரும் உயர்த்தித்தான் சுடறாங்கன்னான். அத நீங்க நிறுத்தினது எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட யாரு பேசறீங்க?”

சைமா இரண்டு அட்டைகளையும் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்தபின், பதினைந்து உறுப்பினர்கள் மேல்தளத்தில் கூடினார்கள். லெம்பி ஏலக்காய் ரொட்டியை அன்றைக்கு மெல்லியதாக நறுக்கினாள். கூட்டம் நீளும் என்று அவளுக்குத் தெரியும். ஐனார் எழுவதற்கு முன்பே சைமா எழுந்துவிட்டாள். குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்து, நடந்ததை வரிசையாகச் சொன்னாள்.

“அப்போ என் அப்பா துப்பாக்கியைக் கெடுத்தது நீயா?” என்றான் ஐனார்.

“ஆமா. நான்தான். என் விதிதான். தோட்டா செய்யறவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதினேன். அவர் மேல சந்தேகம் இருந்ததால கேக்கல.”

ஐனாருக்கு அவளைத் திட்டுவது எளிதாக இல்லை. பார்வை கோத்திலாவின் பக்கம் திரும்பிற்று. அவர் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, தட்டில் ஊற்றிய காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“சரி. இது அவ தப்பு. கிவிஸ்டோவுல ஒருத்தன் கண்ணு போச்சாமே? அதுவும் விதியால போனதுதானா?”

கோத்திலா தட்டைக் கீழே வைத்தார்.

“இல்ல. அது என் கையால போச்சு” என்றார். “மருந்து போட்டுட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் வந்தான். ஏரியில பனிக்கட்டி எவ்வளவு கனமா இருக்கு, மீன் ஏறுதா, இதான் பேச்சு. நானும் பேசினேன். பேச்சுல ஒரு கூட்டுக்கு ரெண்டு கரண்டி போயிருக்கு. அதைச் சுட்டது அந்தப் பக்கத்து வீட்டுக்காரனேதான். அதனாலதான் கதவைப் பூட்டறேன். எனக்குப் பேசப் பிடிக்கும். பேசினா எண்ணிக்கை போயிடும்.”

“பின்ன ஏன் மறுபடி இந்த வேலைக்கு வந்தே?” என்று ஐனார் விடாமல் கேட்டான். “வேற வேலையா இல்ல?”

“நான் இனிமே தப்பு செய்ய மாட்டேன்னு வரல. தப்பு எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியும், அதனால வந்தேன். இன்னொரு ஜோடி கண்ணு வேணும்னு கிவிஸ்டோவுல கேட்டேன். யாரும் உக்கார ஒத்துக்கல.”

வாக்கெடுப்புக்கு முன் சைமா ஒரு நிபந்தனை வைத்தாள்: மருந்து போட்ட ஒவ்வொரு கூட்டையும், குண்டு வைத்து மூடும் முன், இன்னொருவர் விளக்கில் பார்த்தாக வேண்டும், பார்ப்பவள் அவளே. பெட்டியின் மேலட்டையில் செய்தவர் பெயரும் பார்த்தவர் பெயரும் இருக்க வேண்டும். இரண்டு பெயர் இல்லாத பெட்டியைச் சுடுகூடத்தில் திறக்கக் கூடாது. பதினொருவர் கோத்திலாவுக்கு ஆதரவாகக் கை தூக்கினார்கள். நால்வர் தூக்கவில்லை. ஐனார் அந்த நால்வரில் ஒருவன். கடைசிவரை அவன் கருத்து மாறவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி குழலை உயர்த்தித்தான் ஆக வேண்டும்; கூரையை உயர்த்த முடியாது. ஆகவே சுடுமிடத்துக்கு நேர்மேலே, சுரங்கத்தில் கழித்துப்போட்ட எஃகுத் தகடு ஒன்றை அதே வாரத்தில் அறைந்தார்கள். விரலை விசைவளையத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு குழலை உயர்த்த வேண்டும் என்று விதி திருத்தி எழுதப்பட்டது. அதன் முதல் நகலைச் சைமா பின்னறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோத்திலா அதை வாங்கிப் படித்து, ஒரு சொல்லை மாற்றச் சொன்னார், மாற்றினாள்.

அதன்பின் பத்துக் குளிர்காலங்கள் அந்த அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. அவர் கரண்டியால் போடுவார். ஐம்பது குழிகளும் நிரம்பியதும் மரக்கட்டையை அவள் பக்கம் தள்ளுவார். அவள் விளக்கை இறக்கி ஒவ்வொரு கூட்டின் வாய்க்குள்ளும் பார்ப்பாள். அதுவரை இருவரும் ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். கடைசிக் கூடும் மூடப்பட்டபின்தான் பேச்சு. அப்போது அவர் உண்மையில் ஓயாமல் பேசுவார். சவுனாவுக்கு ஏன் தனியாகப் போகிறீர்கள் என்று அவள் ஒருமுறை கேட்டே விட்டாள். சுரங்கத்தில் விழுந்த முதுகுத் தழும்பைப் பார்த்து எல்லாரும் கதை கேட்கிறார்கள், சொல்லிச் சலித்துவிட்டது என்றார். அது உண்மைதானா என்று அவள் லெம்பியின் கணவரை அனுப்பிப் பார்த்து வரச் சொன்னாள். உண்மைதான்.

சந்தேகப்படுவதை அவள் ஒருநாளும் விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை. 1963ஆம் ஆண்டு மார்ச்சில், முப்பத்தோராவது குழியில் நின்ற கூடு காலியாக இருந்தது. அவள் எதுவும் சொல்லாமல் அதை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள். அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வந்து, ஐம்பதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

1968ஆம் ஆண்டு அக்டோபரில், சைமா தன் தங்கையின் பிரசவத்துக்காக டுலூத் நகரில் இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, கோத்திலா மருத்துவமனையில் இருந்தார். சுரங்கத் தூசி நெஞ்சில் கட்டியிருந்தது. மூச்சுக்கு நடுவே சொற்களைப் பொறுக்கி எடுத்துப் பேசினார். அவள் கட்டிலருகே உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டியைக் காபியில் நனைத்துக் கொடுத்தாள். அவர் பாதியைத் தின்றார்.

“பருவம் ஆரம்பிக்கறதுக்கு இருக்கட்டும்னு... நூறு போட்டேன்” என்றார். “மேல் தட்டுல இருக்கு. நீ ஊர்ல இல்ல. அட்டையில என் பேரு மட்டும்தான் இருக்கு.”

“அதை நான் பாத்துக்கறேன். நீங்க போட்டதுதானே, சரியாத்தான் இருக்கும்.”

பத்தாண்டுகளில் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, அன்று தராசின் முள்ளைப் பார்த்த அதே கடுமையுடன் அவளைப் பார்த்தார்.

“நான் அவ்வளவு மோசமாவா இருக்கேன்?” என்றார். “டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு?”

அவள் மீதி ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் வலு இல்லை. ஆனால் விடவும் இல்லை.

“நூத்தையும் பிரி. ஒண்ணு விடாம. மருந்தை மட்டும் நிறு. நாளைக்கு வந்து எத்தனை தப்புன்னு என்கிட்ட சொல்லு, சைமா. நல்ல வார்த்தை வேணாம். எண்ணிக்கை சொல்லு.”